சத்தம் கேட்குது, சொல் பிடிபடலை: ஒலி, பொருள், மூளை பற்றி சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு என்பது கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. காது ஒலியை வாங்க வேண்டும், அந்த ஒலிக்குள் இருக்கும் சொல்லை மூளை பிடிக்க வேண்டும், சொல்லிலிருந்து பொருளுக்குப் போக வேண்டும். பேசும்போது இதே பாதை திரும்பி நாக்கு வரை வரவேண்டும். குறை எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான். காது மந்தமானவருக்கு நாக்குப் பயிற்சி கொடுப்பதும், சொல் மறந்துபோனவர் காதில் போய்க் கத்துவதும் வீண் வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கண்ணியைத் தேடுகிற வேலைதான்.

"கொலுசு" என்று ஒருவர் சொன்னதும் தலைக்குள் என்ன நடக்கிறது?

அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க ஏறக்குறைய அரை நொடி ஆகும். காற்றில் வருவது வெறும் அழுத்த அலை. அது செவிப்பறையை அசைக்கிறது, மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உள்ளே கடத்துகின்றன, நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் காக்ளியாவில் அது பிரிபடுகிறது. காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகளுக்கு. உள்நுனி கனத்த ஒலிகளுக்கு. பிரிந்த துடிப்புகள் செவிநரம்பு வழியாக, பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன.

முழுச் சொல்லும் வரட்டும் என்று மூளை கைகட்டிக் காத்திருப்பதில்லை. 'கொ' காதில் விழுந்ததுமே கொசு, கொடி, கொய்யா, கொத்தமல்லி எல்லாம் எழுந்து நிற்கும். 'கொலு' வரை வந்ததும் முக்கால்வாசி உட்கார்ந்துவிடும். நவராத்திரிக் கொலுவா, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசா என்பதைக் கடைசி 'சு' வந்துதான் முடிவு செய்யும். பேச்சு அதற்கு முன்பே நகையைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் 'சு' பாதி விழுங்கப்பட்டாலும் கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் முதல் ஒலி சரியாக விழாவிட்டால் எழுந்து நிற்கும் கூட்டமே வேறாகிவிடும். இதை நினைவில் வையுங்கள், பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சியில் திரும்ப வரும்.

பொருளும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்டதில்லை. கொலுசின் கிணுகிணுப்பு செவிப் பகுதியிலும், பளபளப்பு பார்வைப் பகுதியிலும், கணுக்காலில் அது உரசுவது தொடுவுணர்வுப் பகுதியிலும் கிடக்க, சொல் அவற்றை ஒரே முடிச்சில் சேர்த்து இழுக்கிறது. இழுத்தது பொருந்தவில்லை என்றால் மூளை உடனே முகம் சுளிக்கும். "காப்பிக்கொட்டையைக் களத்தில் காயவைத்தார்கள்" என்ற வாக்கியத்துக்குப் பதிலாக "காப்பிக்கொட்டையைக் களத்தில் தாலாட்டினார்கள்" என்று படித்தால், அந்தப் பொருந்தாத சொல் வந்து ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளையின் மின்பதிவில் ஒரு பள்ளம் தெரியும். மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அரை நொடிக்குள் ஒலி, சொல், பொருள், பொருத்தம் நான்கும் பார்த்தாகிவிட்டது.

அப்பா 30 வருஷம் விசைத்தறியில் இருந்தார். "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்கிறார். மூளையில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதல் கண்ணியிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. தறிச் சத்தம் முதலில் அரிப்பது காக்ளியாவில் 4000 ஹெர்ட்ஸ் ஒலியை வாங்கும் இடத்து மயிர்ச் செல்களை. போன செல் திரும்ப முளைக்காது. ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் கனத்த பக்கத்தில் இருப்பதால் அவை தப்பிக்கின்றன. ச, ஸ போன்ற மெல்லிய சீறல் ஒலிகளும், த, ப, க ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கங்களும் போய்விடுகின்றன. யாரோ பேசுவது தெரிகிறது, சொல் தெரிவதில்லை. சொன்ன குறை அப்படியே உண்மை. நடிப்பு இல்லை, அசட்டை இல்லை.

இந்த நிலையில் வீட்டில் எல்லோரும் செய்வது கத்துவது. கத்தும்போது உயிரொலிதான் பெருகும், மெய்யொலி அதே அளவில் அடியில் அமுங்கிக் கிடக்கும். அதனால் கத்துகிறவருக்குக் கோபமும் கேட்கிறவருக்குத் தலைவலியும்தான் மிச்சம். பலன் தருவது வேறு:

டிவியை நிறுத்திவிட்டு, ஒரு மீட்டருக்குள் எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி பேசுங்கள். தறிப்பட்டறையில் வேலை செய்தவர்கள் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள்; அந்தத் திறமை வீட்டிலும் உதவும். பேச்சைக் கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் காட்டிய சோதனை பிரபலமானது: காதுக்கு 'பா' என்ற ஒலி, கண்ணுக்கு 'கா' என்று சொல்லும் வாய். பார்ப்பவர்களில் பலருக்குக் கேட்டது 'டா' போன்ற மூன்றாவது ஒலி. இரண்டாவது, புரியாத வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் சொல்லை மாற்றுங்கள். "சாவி எங்க?" பிடிபடவில்லை என்றால் "பூட்டைத் திறக்கணும், சாவியை எங்க வெச்சீங்க?" என்று பொருளுக்குக் கைப்பிடி கொடுங்கள்.

எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் காது மெஷின் போடலாம். முதல் நாளே காலை முதல் இரவு வரை மாட்டி, பஸ் ஸ்டாண்டுக்கும் கூட்டிப்போய், "இரைச்சல்தான் கேட்குது" என்று மூன்றாம் நாள் பீரோவில் போடுவது வழக்கமாக நடக்கும் கூத்து. பல வருஷம் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி வகை பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். அமைதியான அறையில் நாளுக்கு 1 அல்லது 2 மணி நேரம் தொடங்கி, மெதுவாகக் கூட்டுங்கள்.

இன்னும் தறியில் இருப்பவர்களுக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. காதில் பஞ்சு வைத்துக்கொள்வது ஏறக்குறைய ஒன்றும் வைக்காததற்குச் சமம். நுரை அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது காதணிதான்.

எங்கள் பையன் 'மழை'யை 'மளை' என்கிறான். நாக்கில் பிரச்சினையா, காதில் பிரச்சினையா?

பல நேரம் இரண்டிலும் இல்லை. சேலத்துத் தெருவில் வாழைப்பழம் 'வாளப்பளம்' என்றே விற்கிறது; அவன் கேட்டதைத்தான் சொல்கிறான். பேச்சில் அதனால் நஷ்டம் அதிகமில்லை, சூழல் காப்பாற்றிவிடும். எழுதும்போதும் மேடையில் பேசும்போதும்தான் இடிக்கும்.

திருத்த வேண்டும் என்றால் காதில் தொடங்குங்கள். மலை–மழை, கிளி–கிழி, வாள்–வாழ், அலகு–அழகு போன்ற ஜோடிகளிலிருந்து 20 சொற்களை, உங்கள் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, கலைத்துப்போட்டுச் சொல்லுங்கள். அவன் எந்தச் சொல் என்று விரலால் காட்டட்டும். 20-க்கு 18 சரியாக வரும்வரை வாய்ப் பயிற்சிக்குப் போகாதீர்கள். காதில் இரண்டு டப்பாக்கள் பிரியாமல் நாக்கில் இரண்டு ஒலிகள் பிரியாது.

அடுத்தது நாக்கு. கண்ணாடி முன் வாயைத் திறந்து 'அ' என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் நிற்காமலே நாக்கு நுனி மெதுவாக மேலே எழுந்து பின்பக்கம் வளையட்டும். மேலண்ணத்தை நெருங்கும், ஆனால் அழுத்தித் தொடாது. அந்த இடத்தில் 'அழ்' பிறக்கும். தொட்டு ஒட்டிக்கொண்டால் 'அள்'. நுனி மேல்பல்லின் ஈறருகே ஒற்றினால் 'அல்'. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதே கணக்கைத்தான் சொல்கிறது: ழகரத்துக்கு நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும், லகர ளகரத்துக்கு நாவிளிம்பு தடித்து, முன்னதற்கு ஒற்ற, பின்னதற்கு வருட வேண்டும். ஆராய்ச்சிக் கூடம் இல்லாமல் நாக்கை மட்டும் கவனித்து எழுதியது அது.

பிறகு 'அழ', 'பழ', 'மழ' என்று அசைகள், அதன்பின் சொற்கள், கடைசியில் வாக்கியம். "ஏற்காட்டு மலையில் நல்ல மழை" என்பதைத் தடுமாறாமல் மூன்று முறை சொன்னால் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு 10 நிமிஷம் போதும். வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம், பிள்ளை நாக்கை அளவுக்கு மீறி மடக்கி, தாடையையும் இறுக்கிக்கொள்வது. ஒலி அமுங்கி, தொண்டைக்குள் பேசுவதுபோல வரும். தாடையைத் தளர்த்தச் சொல்லுங்கள், தானே சரியாகும்.

ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் மட்டை, 'பேட்' என்றால் தட்டிக்கொடுப்பது. என் மகளுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதிய விதத்திலேயே பதில் இருக்கிறது. தமிழ்ச் சொற்களில் 'ப' எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. தொண்டையில் விரல் வைத்து 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வுக்கு அதிர்வு இல்லை. மகர ஒற்றுக்குப் பின் வரும் ப-வுக்கு அதிர்வு உண்டு. இடம் சொல்லிவிடுவதால் இரண்டுக்கும் தனி எழுத்து தேவைப்படவில்லை, வித்தியாசத்தை வைத்துப் பொருள் பிரிக்கவும் காது பழகவில்லை. பஸ், பாட்டில் என்று அதிர்வோடு தொடங்கும் கடன்சொற்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது என்பதும் உண்மைதான்.

கூடவே ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் அதிர்வில்லாத ப-வுக்கு ஒரு ஊது உண்டு. மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு 5 செ.மீ. முன்னால் பிடித்து, ஆங்கிலேயர் சொல்லும் 'பென்' போல ஊதிச் சொன்னால் காகிதம் துள்ளும்; தமிழ்ப் 'பல்' சொன்னால் அசையாது. மகளுக்கு அந்தக் காகிதத்தைக் கையில் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் காதுக்கும் சீக்கிரம் தெரியும்.

நாம் மட்டும் குறைந்தவர்கள் இல்லை. 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள இடைவெளி நமக்கு மலையளவு. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் அவருக்கும் ஒருகாலத்தில் கேட்டது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டியபடி, ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் பல்லின த-வையும் வளைநா ட-வையும் பிரித்தறிகின்றன. 10 முதல் 12 மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வீட்டுக்கு வேண்டாத வித்தியாசங்களை மூளை பரணில் ஏற்றிவிடுகிறது. வளர்ந்தபின் இறக்கலாம், உழைப்பு அதிகம்.

ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையாகவே உறவு உண்டா?

பெரும்பாலான சொற்களுக்கு இல்லை. மாம்பழத்தை 'மாம்பழம்' என்று சொல்லவேண்டும் என்று மாம்பழத்துக்குள் எதுவும் எழுதியிருக்கவில்லை. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பிய உரியியல் முடித்துவிட்டது: சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

ஆனாலும் ஓரங்களில் கசிவு உண்டு. நம் இரட்டைக்கிளவிகளைப் பாருங்கள். சலசல, கிணுகிணு, மொறுமொறு, கொழகொழ. மொறுமொறுப்பு என்றதும் தட்டுவடை செட் நினைவுக்கு வரும். கொழகொழ என்ற சொல்லைத் தட்டுவடைக்கு வைத்தால் சேலத்துக்காரர் யாரும் வாங்கமாட்டார். ஜெர்மானிய உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் 1929-லேயே இதைச் சோதித்தார். தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் 'பூபா', 'கிகி' என்ற பொய்ச் சொற்களை வைத்து அதைப் பிரபலமாக்கினார்கள். கூர்முனை வடிவத்துக்குக் 'கிகி', உருண்ட வடிவத்துக்குப் 'பூபா' என்று மிகப் பெரும்பான்மையோர் சொல்கிறார்கள். உதட்டின் குவிவு, நாக்கின் வெடுக்கென்ற அசைவு, கண் பார்க்கும் கோடு மூன்றும் மூளையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். வீட்டில் ஆட்டுக்கல் படத்தையும் அரிவாள்மனை படத்தையும் வரைந்து பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்கள் மலையாளமா பேசுகிறார்கள்?

இல்லை, தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஒரே ஒலி, இரண்டு பொருள். எதை எடுப்பது என்று உங்கள் மூளை பழக்கத்தை வைத்து முடிவு செய்துவிட்டது, அவ்வளவுதான்.

மொழி இடப்பக்க மூளையில்தான் இருக்கிறதா?

வலக்கைக்காரர்களில் 100-க்கு 95 பேர் போல இடப்பக்கத்தையே பெரிதும் நம்புகிறார்கள். இடக்கைக்காரர்களிலும் 70 பேர் போல அப்படித்தான். குரலின் ஏற்ற இறக்கம், கிண்டல், நகைச்சுவை ஆகியவற்றைப் பிடிப்பதில் வலப்பக்கத்துக்குப் பெரிய வேலை உண்டு. "வாங்க ராசா, இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்பது வரவேற்பு இல்லை என்று சொல்லிக்கொடுப்பது அந்தப் பக்கம்.

பக்கவாதம் வந்தபின் பேச்சு போய்விட்டது. இது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்று. பேச்சு திடீரென்று குழறினாலோ, சொல் வராமல் திணறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ அப்போதே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தருவது பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள்தான். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கவே 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏதாவது ஒரு எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு மண் ரோடும் உண்டு. "காலையில் பார்த்துக்கலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் நுரையீரலுக்குப் போகும்.

ஆபத்து நீங்கி, விழித்து உட்காரும் நிலை வந்தபின், கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் மாட்டிவிட்டு, நான்கு விஷயங்களைப் பாருங்கள். என்ன நடந்தது என்று ஒரு நிமிஷம் பேசவிடுங்கள்: ஒற்றைச் சொல்லாகத் திக்கித் திணறி வருகிறதா, அல்லது சரளமாகப் பொருளற்ற பேச்சா? அடுத்து, கைசாடை எதுவும் இல்லாமல் "ஜன்னலைக் காட்டுங்க", "டம்ளரைத் தொட்டுட்டு சாவியை எடுங்க" என்று சொல்லுங்கள். "இது சேலமா?", "இப்ப ராத்திரியா?" போல ஆமாம், இல்லை என்ற பதில் கலந்து வரும்படி ஆறு கேள்வி கேளுங்கள், மூன்று சரி என்றால் குருட்டாம்போக்கில் சொன்னதும் அவ்வளவே வரும், புரிகிறது என்று கொள்ளாதீர்கள். மூன்றாவது, திருப்பிச் சொல்லுதல்: 'பால்', 'ஜவ்வரிசி', 'ஏற்காடு பஸ் வந்துருச்சு'. நான்காவது, வீட்டிலுள்ள 10 பொருள்களுக்குப் பெயர்.

புரிதல் ஓரளவு நன்றாக இருந்து, பேச்சு மட்டும் துண்டு துண்டாக வந்தால் அது புரோக்கா வகை அஃபேசியா (அஃபேசியா என்றால் மூளைச் சேதத்தால் வரும் மொழி இழப்பு). பால் புரோக்கா 1861-இல் பாரிஸில் ஒரு நோயாளியை விவரித்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது 'டான்' என்ற ஒரே அசை. இறந்தபின் மூளையின் இட முன்பகுதியில் சேதம் தெரிந்தது. பேச்சு ஆறாக ஓடியும் பொருள் இல்லாமல், கேட்பதும் புரியாமல் இருந்தால் 1874-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகை. சேதம் இடப் பொட்டுப் பக்கத்தின் பின்பகுதியில். புரிதலும் பேச்சும் பரவாயில்லை, திருப்பிச் சொல்ல மட்டும் முடியவில்லை என்றால் அது கடத்தல் வகை. பாடப்புத்தகத்தில் இது இரண்டு ஊர், நடுவே ஒரு ரோடு போல வரையப்பட்டிருக்கும். உண்மையில் சேதம் அப்படி எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை. கலப்பு வகைகளே நிறைய.

சொற்கள் சரியாக இருந்து, ஒலி மட்டும் குடித்தவர் பேச்சுபோலக் கொழகொழத்தால், எழுதச் சொன்னால் சரியாக எழுதினால், அது அஃபேசியாவே இல்லை. தசைத் தளர்ச்சியால் வரும் குழறல். பயிற்சியும் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் குடும்பங்கள் மாதங்களை இழக்கின்றன. வெர்னிக்கே வகையினருக்கு "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று பட்டம் கட்டுவது இன்னொன்று.

சொல்லை மீட்க வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

ஸ்பீச் தெரபிஸ்ட் போட்டுத்தரும் திட்டத்துக்கு இது துணைதான். அவர் வாழ்க்கையிலிருந்து 20 பொருள் எடுங்கள். தறிக்காரருக்கு நாடா, பாவு, டம்ளர், சட்டை; காப்பித் தோட்டத்துக்காரருக்கு மிளகு, ஏணி, கூடை. கடையில் விற்கும் படப்புத்தகத்து ஒட்டகச்சிவிங்கி வேண்டாம், அவர் முன்பும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பொருளைக் காட்டி 10 நொடி வாய் திறக்காமல் காத்திருங்கள். வரவில்லை என்றால் பொருள் பக்கமிருந்து தட்டுங்கள்: "இதுல என்ன ஊத்துவோம்? எங்க வெப்போம்?" பிறகு வாக்கியத்தைத் திறந்து விடுங்கள்: "தண்ணி குடிக்க ஒரு..." அதற்கும் வரவில்லை என்றால் முதல் ஒலி: "ட..." முன்பு சொன்ன கூட்டம் இப்போது உதவிக்கு வருகிறது, ட-வில் தொடங்குபவை எழுந்து நிற்க, அவற்றில் பொருளுக்குப் பொருந்துவது முன்னால் வரும். கடைசியாகத்தான் முழுச் சொல். அவர் மூன்று முறை சொல்லட்டும். 5 நிமிஷம் கழித்து அதே பொருளுக்குத் திரும்புங்கள். 20 நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, களைப்பு வருமுன் நிறுத்தவும்.

கெடுவது எங்கே? அவசரத்தில். மூன்றாம் நொடியிலேயே மருமகள் சொல்லைச் சொல்லிவிடுவார். எல்லாவற்றுக்கும் 'சீப்பு' என்றே வந்துகொண்டிருந்தால் அதட்டாதீர்கள். பழைய சொல் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பொருள்களை மறைத்து 10 நொடி அமைதியாக இருந்து, வேறு வகைப் பொருளுக்கு மாறுங்கள். விருந்தாளி முன் "மாமா, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அ, ஆ அட்டையும் வாங்காதீர்கள். அவர் எழுத்துத் தெரியாத குழந்தை இல்லை. சொல்லுக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டவர்.

தானாக வரும் முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் அதிகம். அதற்குப் பிறகும் பயிற்சியால் கூடும், வேகம் குறையும்.

அம்மாப்பேட்டையில் வீட்டில் சௌராஷ்ட்ரம், கடையில் தமிழ். பக்கவாதத்துக்குப் பின் எந்த மொழி முதலில் வரும்?

தெலுங்கு, கன்னட வீடுகளிலும் இதே கேள்வி வரும். 19-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கட்சி இருந்தது. முதலில் கற்ற மொழிதான் நிலைக்கும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. அதிகம் புழங்கிய மொழி முன்னால் வரும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பித்ரே, 1895-இல். பலருக்கு எல்லா மொழிகளும் சேர்ந்தே மீள்கின்றன. சிலருக்கு ஒன்று முந்துகிறது. ஆகவே தமிழில் மட்டும் சோதித்துவிட்டு "பேச்சே இல்லை" என்று எழுதவிடாதீர்கள். யாரிடம் எந்த மொழியில் பேசுவார், எதில் கணக்குப் போடுவார், எதில் சாமி கும்பிடுவார், எதில் திட்டுவார் என்று ஒரு தாளில் எழுதித் தெரபிஸ்ட்டிடம் கொடுங்கள். சௌராஷ்ட்ரத்தில் சொல் வந்தால் அதுவும் சொல்தான். "தமிழ்ல சொல்லுங்க" என்று தடுப்பது கிடைத்த வழியையும் அடைப்பது.

பேச வரவில்லை, ஆனால் பாட்டு முழுசாக வருகிறது. எப்படி?

பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், மந்திரம், கெட்ட வார்த்தை எல்லாம் ஒரே உருண்டையாகக் கட்டி வைக்கப்பட்டவை. சொல் சொல்லாகத் தேடி எடுக்க வேண்டியதில்லை. ராகமும் தாளமும் வலப்பக்கத்தையும் துணைக்கு அழைக்கின்றன. இந்த வழியைப் பயன்படுத்தும் மெட்டுப் பயிற்சி 1973-லேயே வந்துவிட்டது. புரிதல் நன்றாக இருந்து, பேச்சு மட்டும் முடங்கியவருக்கே இது. 'தண்-ணி வே-ணும்' என்பதை உயர்வு, தாழ்வு என்று இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடுங்கள். ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடக்கையை மேசையில் ஒரு தட்டு. முதலில் சேர்ந்து பாடி, பாதியில் நீங்கள் குரலை விட்டுவிட்டு, பிறகு அவர் தனியாக, கடைசியில் ராகத்தை உருவிவிட்டுப் பேச்சாக. அவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் பாடவைப்பது மனசுக்கு நல்லது, ஆனால் அதனால் மட்டும் 'தண்ணி' வராது.

வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. சேலத்தில் எத்தனையோ தெருவில் பிள்ளைகள் இரண்டு மொழியோடுதான் வளர்கின்றன. கலந்து பேசும், அது குழப்பமில்லை. சொல் எண்ணிக்கை பார்க்கும்போது இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

12 மாதத்தில் மழலை அசைகளோ, விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதம் தாண்டியும் ஒரு சொல் இல்லை, 2 வயதில் 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேரவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். முதல் சோதனை காதுக்கு. பிறந்த 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது நல்ல கணக்கு. கதவு சாத்தினால் திரும்பிப் பார்க்கிறானே என்பது சோதனை ஆகாது. கதவு கனத்த ஒலி, அதிர்வும் தெரியும்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை 'கொ'வை 'கெ' என்று படிக்கிறது.

எழுத்து மனித மூளைக்குப் புதுசு, 5000 வருஷம் சொச்சம்தான். படிக்கப் பழகும்போது இடப்பக்கப் பின்கீழ்ப் பகுதி ஒன்று எழுத்து வடிவங்களுக்கென்று பழக்கப்படுகிறது. தமிழில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கொ' ஒலிக்கையில் முதலில் வருவது க். எழுத்தில் முதலில் நிற்பது ஒற்றைக்கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால், க நடுவில் சிக்கியிருக்கிறது. கண் இடமிருந்து வலம் போகும்போது 'கெ'யிலேயே நின்றுவிடுகிறது. கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, சேர்த்துப் பிரித்து விளையாடுங்கள். 247 எழுத்தையும் 247 படமாக மனப்பாடம் செய்யவைப்பதுதான் தப்பு. 12 உயிர்களும் அவற்றின் குறிகளும் 18 மெய்களும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தானே விழும்.

இன்னொரு தடை பேசாத தமிழ். 'போறேன்' என்று மட்டும் கேட்ட பிள்ளைக்குப் 'போகிறேன்' என்பதை எழுத்துக்கூட்டி முடித்தபின்னும் தெரிந்த சொல்லாக ஒலிக்காது. எழுத்துத் தமிழில் உள்ள கதையைத் தினம் 10 நிமிஷம் உரக்கப் படித்துக் காட்டினால் அந்த ஒலிகள் காதில் முதலில் குடியேறும், கண் பின்னால் வரும்.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?

வராது. பேச்சுத் தாமதத்தில் நாக்கின் மேல்தோலுக்கு வேலையே இல்லை. வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. குழந்தைக்கு வாந்தி வரலாம். தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு வயதுக்குள் இன்னும் ஆபத்து, தேனில் பொட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். 'பேர் சொல்லாதது' என்று ஆயாமார் அதற்குப் பெயர் வைத்திருப்பது வேடிக்கை. பேச்சு வரவழைக்க எடுக்கும் பொருளின் பெயரையே வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாக்கடி ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாமா என்பதும் இதே வரிசைதான். நாக்கை வெளியே நீட்ட முடியாமல், பால் குடிக்கவும் சிரமப்பட்டால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். சொல் வராததற்கு அது காரணம் ஆவது அரிது. சொல்லே வராத பிள்ளையைக் காதுச் சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.